நாற்பத்து நான்கு சீட்டுகள் எங்கே?

கீரிப்பாறைக்குப் போகிறவர்கள் சாதாரணமாகக் காளிகேசத்து ஆற்றையும் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் பார்த்துவிட்டு வந்தது என்னவோ ஒரு கணக்குப் புத்தகத்தை!

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என்று பஸ் ஏற ஏற, வயல் மறைந்து தென்னை வருகிறது. தென்னை மறைந்து ரப்பர் வருகிறது. சிப்பாய்களைப் போல் அணிவகுத்து நிற்கும் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. 1984-ல் தமிழக அரசு ஏற்படுத்திய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி, சொந்தமாக அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்துப் பால் வெட்டுகிற சிறு குடும்பங்களும் உண்டு. இவர்கள் பாலையும் ஷீட்டையும் கொண்டுபோய்ப் போடுவதற்கென்று தனியார் கடைகள் இருக்கின்றன.

ஐப்பசி மாதம். காலையில் பளிச்சென்று வெயில். மாலை மூன்று மணிக்கு மேல் இடி, மின்னல், கொட்டுகிற மழை. நானும் நம் புகைப்பட நண்பரும் ஒதுங்கிய திண்ணை அப்படிப்பட்ட ஒரு கடையின் திண்ணை. உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது, வெளியே இடிப்பதைவிட உள்ளே பலமாக இடிக்கிறது என்று.

மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். பி.காம். படித்தவள், அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. கண் கலங்கியிருந்தது. எதிரே கணக்குப்பிள்ளை, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு நீளக் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நூற்று நாப்பத்தி மூணுக்குப் பொறவு நூற்று அறுபத்தி ஒண்ணு. நடுவிலே பதினேழு சீட்டைக் காணல்லே. எங்கே போச்சு மக்களே? காக்கா கொத்திட்டுப் போச்சா?"

"நான் எடுக்கல்லே அண்ணாச்சி. பெட்டியிலே பணம் சரியா இருக்கு. எடை சரியா இருக்கு. நம்பர் மட்டும் தானாத் தாவுது. நான் என்ன செய்ய?"

"தானாத் தாவ அது என்ன குரங்கா?"

முதலாளி ஒன்றும் பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்ததுதான் அந்தப் பெண்ணை அதிகமாகப் பயமுறுத்தியது என்று எனக்குத் தோன்றியது. வீட்டிற்கு உதவியாக ஒரு பெண் வேலைக்கு வந்த இடத்தில் "சீட்டைக் காணோம்" என்ற பேச்சு எழுந்துவிட்டால், சம்பளம் போவது சின்ன விஷயம். நல்ல பெயர் போனால் அந்த ஊரில் எந்தக் கடை வாசலில் போய் நிற்பது?

புதிதாக வந்த யந்திரம்

விஷயம் இதுதான். அதுவரை அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் எழுதிவந்த கடையில், புரட்டாசி பாதியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. மேஜைமேல் ஒரு திரை. யார் பால் கொண்டுவந்தாலும் எடையைத் தட்டினால், யந்திரமே ஓர் எண் போட்டுச் சீட்டை அச்சடித்துத் தரும். முதல் 143 சீட்டு வரையில் ஓர் எண்ணும் தவறவில்லை. அதற்கு மேல்தான் இந்தத் தாவல்.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 143-க்கு அடுத்தது 161. 188-க்கு அடுத்தது 201. 226-க்கு அடுத்தது 241. 299-க்கு அடுத்தது 301. பதினேழு, பன்னிரண்டு, பதினான்கு, ஒன்று. ஆக நாற்பத்து நான்கு சீட்டுகள் மாயம்!

"வேற வழி இல்லே. நாப்பத்தி நாலுக்கும் நாமே சீட்டு எழுதி வரிசையை அடைச்சிரலாம்" என்றார் கணக்குப்பிள்ளை.

வராத பாலுக்குச் சீட்டு! குற்றம் எதுவும் நடக்காத இடத்தில், பயத்தினாலேயே ஒரு குற்றத்தைச் செய்ய இருந்தார்கள்.

கேஷ் போய்விட்டது!

சென்னையில் என்னுடன் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பெரிய நிறுவனங்களின் தகவல் பெட்டகங்களைக் காவல் காப்பதே அவருடைய உத்தியோகம். டெலிபோனில் அவரைப் பிடித்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் போட்டேன். விவரம் முழுவதும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"வேறொன்றுமில்லை. கேஷ் போயிருக்கும்."

கணக்குப்பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா முதலாளி? நான் சொன்னேனா இல்லையா? கேஷ் போயிருக்குன்னு அவரே சொல்லுதாரு!"

அந்தப் பெண் அழுதே விட்டாள்.

அவசரமாக விளக்கம் கேட்டேன். நண்பர் சொன்ன கேஷ், பணப்பெட்டிக் கேஷ் அல்ல. எழுத்து வேறு, பொருள் வேறு. காதுக்கு மட்டும் ஒன்று. பிரெஞ்சு மொழியில் "ஒளித்து வை" என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. யந்திரம் தன் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் சிறு சேமிப்புக்கு அந்தப் பெயர்.

சகோதரிகளுக்கு இதைப் புரிய வைக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேஷ் இருக்கிறது. அதற்குத் தமிழில் அஞ்சறைப் பெட்டி என்று பெயர்.

கடுகு முழுவதும் உள்ளே அரங்கில் டின்னில் இருக்கிறது. ஒவ்வொரு தாளிப்புக்கும் அரங்குக் கதவைத் திறந்து, டின்னை இறக்கி, ஒரு கரண்டி எடுத்து, மறுபடி மூடி வைத்துவிட்டு வந்தால் எண்ணெய் புகைந்துவிடும். ஆகையால் ஒரு தடவை போய் அஞ்சறைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து அடுப்பருகில் வைத்துக்கொள்கிறோம்.

கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. எண் வழங்குவதற்கென்று அதனுள்ளே ஒரு சிறு ஏற்பாடு, சீக்வென்ஸ் என்பார்கள். "கடைசியாகக் கொடுத்த எண் எது?" என்ற குறிப்பு வட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வட்டு என்பது அரங்கு. கரண்ட் போனாலும் அழியாது, ஆனால் போய் வர நேரமாகும். நினைவகம் என்பது அஞ்சறைப் பெட்டி; கைக்கெட்டும் தூரம், ஆனால் கரண்ட் போனால் காலி. ஒவ்வொரு சீட்டுக்கும் வட்டில் போய் எழுதாமல், "141 முதல் 160 வரை எடுத்துக்கொண்டேன்" என்று ஒரே தடவையில் எழுதிவிட்டு, இருபது எண்களை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. 141 கொடுத்தாயிற்று, 142 கொடுத்தாயிற்று, 143-ம் கொடுத்தாயிற்று. அப்போது இடி இடித்தது, கரண்ட் போயிற்று. பெட்டி கவிழ்ந்தது, மீதிப் பதினேழு எண்களும் சிதறின.

மறுபடி விளக்கு வந்ததும் யந்திரம் வட்டைப் பார்க்கிறது. "160 வரை எடுத்தாகிவிட்டது" என்றிருக்கிறது. அவற்றில் எத்தனை செலவாயிற்று என்று அங்கே எழுதவில்லை. ஒருவேளை 160 வரையிலும் கொடுத்திருந்தால்? மறுபடி 150-ஐக் கொடுத்தால் ஒரே எண்ணில் இரண்டு சீட்டு ஆகிவிடுமே! ஆகவே பத்திரமாக 161-லிருந்து தொடங்குகிறது.

மூன்று கேள்விகள்

"இது ஊகம்தான். நிரூபிக்க மூன்று கேள்வி கேட்கிறேன்" என்றார் நண்பர். "ஒன்று, தாவல் நடந்த நாட்களிலெல்லாம் கரண்ட் போனதா?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பழைய டயரியை எடுத்தாள். மழை பெய்த நாள், பால் குறைந்த நாள், கரண்ட் போன நேரம் எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன. யாரும் எழுதச் சொல்லவில்லை, அவளாகவே எழுதியது. நான்கு தாவல், நான்கு கரண்ட் வெட்டு. நாளும் பொழுதும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின.

"இரண்டு, கரண்ட் போனால் யந்திரம் நிற்காமலிருக்க பாட்டரி இல்லையா?"

இருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து அது நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. மாற்ற வேண்டுமென்று அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மூன்று, தாவலுக்குப் பிறகு வந்த முதல் எண்களைச் சொல்லுங்கள்."

"161, 201, 241, 301" என்றேன்.

"ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து இருபதால் வகுத்துப் பாருங்கள்."

160. 200. 240. 300. நான்கும் மீதியின்றி வகுபட்டன!

அறையில் சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சீட்டைத் திருடுகிறவள் தனக்கு வேண்டியதைத் திருடுவாளா, இருபதாம் வாய்ப்பாட்டைப் பார்த்துத் திருடுவாளா? அதுவும் நாலாவது தடவை, மழை கொட்டும்போது, 300 என்ற ஒரே ஒரு சீட்டை மட்டும்?

நம்பர் சொல்லாத வாக்கு

பிறகு நண்பரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். நம்மில் பலர் நினைப்பதுபோல் கம்ப்யூட்டர் தரும் எண் "விடாமல் வரிசையாக வருவேன்" என்று வாக்குக் கொடுக்கவே இல்லையாம். அது கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: "ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டேன்."

ஆரக்கிள் என்ற பெயர்பெற்ற மென்பொருளிலும், ஐ.பி.எம். கம்பெனியின் டி.பி.2-விலும், நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இருபது இருபதாகத்தான் எண்களை எடுத்து வைத்துக்கொள்ளும். முறைப்படி நிறுத்தினால் ஆரக்கிள் மிச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்; திடீரென்று நின்றால்தான் நஷ்டம். மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012-ம் வருஷப் பதிப்பில் ஆயிரம் ஆயிரமாக எடுக்கும் வழக்கம் வந்தது. திடீரென்று நின்றுவிட்டால், நேற்று 57-ல் இருந்த பில் இன்று ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். உலகம் முழுவதும் கணக்கர்கள் அலறினார்கள். 2017-ம் வருஷப் பதிப்பில் அந்த வழக்கத்தை நிறுத்தி வைக்க ஒரு வசதி கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளின் வழக்கமான அமைப்பு, பழைய பதிப்புகளில், நின்று புறப்பட்டதும் "இருப்பதில் பெரிய எண் எது?" என்று பார்த்து, அதற்கு அடுத்ததைக் கொடுக்கும். கடைசிச் சீட்டு 50-ஐ யாராவது அழித்திருந்தால், அடுத்தவருக்கு மறுபடி 50! இரட்டைப் பிள்ளைக்கு ஒரே பெயர் வைத்த கதை. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். விட்டுப்போன எண்ணைவிட இரட்டிப்பான எண் எவ்வளவு அபாயம் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இன்னொரு வேடிக்கை. போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இந்தச் சேமிப்பை அதிகப்படுத்தினால், ஒவ்வொரு கவுண்டரும் தனக்கென்று ஒரு கட்டு வைத்துக்கொள்ளும். பழைய பஸ் கண்டக்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் 1 முதல் 20 வரை. இன்னொருவர் கையில் 21 முதல் 40 வரை. முதல் பஸ்ஸில் கூட்டமில்லை. மத்தியானம்தான் 7-ம் நம்பர் கிழிகிறது. இரண்டாவது பஸ்ஸில் நெரிசல். காலை எட்டு மணிக்கே 30 கிழிந்துவிட்டது. டிக்கெட் நம்பரைப் பார்த்து, "7-ம் நம்பர்க்காரர்தான் முதலில் ஏறினார்" என்று சொன்னால் சரியாகுமா?

கேஷ் என்பதையே அடியோடு எடுத்துவிட்டால் இடைவெளியே வராதா? அதுவும் இல்லை. எண்ணை எடுத்த பிறகு, எடையில் தகராறு வந்து, பால்காரர் பாலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் என்று வையுங்கள். சீட்டு ரத்தாகிவிடும், எடுத்த எண் திரும்பிப் போகாது. அதற்குள் பக்கத்துக் கவுண்டர் அடுத்த எண்ணை எடுத்திருக்குமே!

எண்கள் உளவு சொல்லும்

வரிசை எண் என்பது உளவாளியைவிடக் கெட்டிக்கார உளவாளி என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாட்டாருக்குத் தெரியவேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டு மாதத்துக்கு உளவு இலாகா சொன்ன கணக்கு 1,550. பிடிபட்ட டாங்கிகளின் வரிசை எண்களை வைத்துப் புள்ளியியல் நிபுணர்கள் போட்ட கணக்கு 327. யுத்தம் முடிந்து ஜெர்மானியரின் சொந்தப் பதிவேடுகளைப் பார்த்தபோது உண்மையான எண்ணிக்கை 342 என்று தெரிந்தது!

அந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம், ஜெர்மானியர் எண்களை ஒழுங்காகப் போட்டதுதான். இன்றைய கம்ப்யூட்டர் சீட்டில் அதே தந்திரத்தைச் செய்தால் ஏமாந்துபோவோம். ஜவுளிக் கடைப் பில்லில் 10,001 என்றிருந்தால், "அடேயப்பா, பத்தாயிரம் பேர் வாங்கிவிட்டார்களே!" என்று மூக்கில் விரல் வைக்க வேண்டாம். முந்தின நாள் அங்கே கரண்ட் போயிருக்கலாம்.

அப்படியானால் கணக்கு?

"நம்பர் தாவினால் தாவட்டும் என்று விட்டுவிடலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது" என்றார் நண்பர். ஜி.எஸ்.டி. விதிகள் 2017-ல், 46-ம் விதி, பதிவு பெற்ற வியாபாரியின் வரிப் பில்லுக்குத் தொடர்ச்சியான வரிசை எண் வேண்டுமென்கிறது. அது பதினாறு எழுத்துக்கு மேற்படாமல், அந்த நிதியாண்டில் இரண்டாவது தடவை வராததாக இருக்க வேண்டும். அரசாங்கத்துக்கு அனுப்பும் விற்பனைப் படிவத்தில் எந்த எண் முதல் எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, ரத்தானவை எத்தனை என்று கேட்கிற பகுதியும் உண்டு. ஆகவே சட்டம் பார்க்கும் பில்லுக்கு, கேஷ் வைத்து ஓடும் எண்ணை நம்பக் கூடாது. அதற்கென்று தனியாக ஓர் ஏட்டில் "கடைசி எண்" என்று ஒன்றை வைத்து, பில் பதிவாகும் அதே மூச்சில் அதையும் கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பில் நிலைத்தால் எண்ணும் நிலைக்கும். பில் ரத்தானால் எண்ணும் பழைய இடத்துக்குப் போகும். ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் தாமதமாகும். விநாடிக்கு ஆயிரம் பேர் வரும் இடத்தில் அது பெரிய சங்கடம். நாளைக்குப் பத்துப் பேர் வரும் கடையில் யாருக்கு என்ன அவசரம்?

இன்னொன்றும் சொன்னார். எல்லாத் தாவலும் குற்றமற்றது என்று நினைக்க வேண்டாம். கரண்ட் போகாத நாளில், இருபதுக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றிரண்டு எண்கள் இல்லாமலிருந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது ரத்தான சீட்டாக இருக்கலாம். யாரேனும் அழித்ததாகவும் இருக்கலாம். எப்போதுமே எண்ணை மட்டும் பார்க்காமல், எடையையும் பணத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கணக்கு. காணாமற்போன எண்களுக்குப் போலிச் சீட்டு எழுதுவதோ மகா தவறு. தேதி, எண், காரணம் மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கையெழுத்திட்டு வைத்தாலே போதும்.

கட்டன் சாயா

மழை விட்டது. ரப்பர் இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"நாளைக்குக் காலம்பற பாட்டரி வாங்கிரணும். அந்த மெசினைப் போட்டவனையும் வரச் சொல்லணும்." சற்று நிறுத்தி, "டயரி எழுதினது நல்ல காரியம் மக்களே" என்றார்.

கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனார். ஐந்து கட்டன் சாயா கொண்டுவந்து, முதல் கிளாஸை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார். எத்தனை வருஷமாக அந்தக் கடையில் சாயா கொண்டுவருவது அவள் வேலையாகவும், அவளுக்கு முன்னால் இருந்த பெண்களின் வேலையாகவும் இருந்ததோ, தெரியாது. அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"இரி மக்களே, இரி. ஆறிப்போகும், குடி" என்றார் அவர். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, "அந்த இருபதாம் வாய்ப்பாட்டை ஒரு தடவை எனக்குச் சொல்லித் தா. எழுதி வச்சுக்கிடுதேன்" என்றார்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். டயரியை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்திருந்தன.

யந்திரம் பொய் சொல்லாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது பாதி உண்மையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். மீதிப் பாதியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் ஒரு கடையிலோ ஆபீஸிலோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தால், அவளிடம் இன்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: கரண்ட் போன நேரத்தைக் குறித்து வைக்க ஒரு டயரி வாங்கிக்கொள்ளச் சொல்லி.